அப்ஸ்காண்ட் ஆன ஆளுக்கு ஓட்டுப் போட்ட ஊர்

துபாய்

அன்பு மகள் ஹிஃப்ஸாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் வாப்பாவுக்குச் சுகர் அடங்கியிருக்கிறது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, இத்தாலிக் குளிரில் நீ தலையை மூடாமல் திரிகிறாயோ என்ற கவலைதான். மனசுதான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதைப் போனில் பேசாதே என்று வாப்பா தடுத்துவிட்டதால் காகிதத்தில் எழுதி, உன்னோடு படிக்கும் ஆமிரா லீவு முடிந்து திரும்பும்போது கொடுத்துவிடுகிறேன்.

எல்லாம் உன்னால் வந்த வினை. நீ குடியிருக்கும் வீட்டின் தொண்ணூறு தாண்டிய பெரியவரின் கதையைக் குடும்ப குரூப்பில் யார் போடச் சொன்னது? இருபது வயதில் முசோலினி பட்டாளத்தில் இருந்தாராம், சொந்த ஊர்க்காரர்களையே பிடித்துக் கொடு என்றதும் மலைக்கு ஓடிப்போய் அந்தப் பட்டாளத்தையே எதிர்த்துச் சண்டை போட்டாராம், பிறகு ஊரார் ஓட்டுப் போட்டுப் பாராளுமன்றம் போய், அங்கேயும் கட்சி தூக்கச் சொன்ன கையைத் தூக்காமல் வரவிருந்த மந்திரி பதவியை விட்டாராம். அப்ஸ்காண்ட் ஆன ஆளுக்கா ஓட்டுப் போட்டார்கள் என்று நான் சிரித்தேன். வேலையை விட்டு ஓடியவனுக்கு இந்த ஊரில் வேறு என்ன பெயர்? உன் கூடப்பிறந்த காக்கா உஸைர் சிரிக்கவில்லை. உம்மா, இன்னொருக்க வாசிங்க என்றான்.

மறுவாரமே அல் கூஸில் அவன் கேம்ப் பாஸாக இருந்து ஆட்களை மேய்க்கும் தொழிலாளர் கேம்ப்பில் இரண்டு பேர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்க, அந்தச் செலவு கம்பெனி தலையில் விழாமலிருக்க, ஓடிவிட்டார்கள் என்று அப்ஸ்காண்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். போட்டால் அவர்கள் விசா போச்சு. பாய், அவனுவ ஓடல, நான் போடமாட்டேன் என்றிருக்கிறான். கலாஸ், முடிந்தது, வீட்டுக்குப் போ, மாசக் கடைசிக்குள் புத்தி வந்தால் வா என்று அனுப்பிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான். வேலை போனால் இவன் விசாவும் போகுமே. அவன் நன்றாகத் தூங்குகிறான், நான்தான் கிச்சனுக்கும் பால்கனிக்கும் நடக்கிறேன். அந்த இரண்டு பேரில் ஒருவனின் பெண்சாதி ஊரிலிருந்து போன் பண்ணி, அம்மா என்று என்னைக் கூப்பிட்டு அழுதாள்.

வாப்பா என்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார், நீ சொன்னால் கேட்பான், போகச் சொல் என்கிறார். கேட்பான், அதுதான் எனக்குப் பயம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னை நல்லவர்கள் நடுவிலேயே வைத்திருக்கட்டும். அந்தப் பெரியவரிடம் ஒன்று மட்டும் மறந்துவிடாமல் கேள். அவர் மலைக்கு ஓடியபோது வீட்டில் உம்மா என்று ஒருத்தி இருந்திருப்பாள், அவளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. திரும்பி வாடா என்று அவள் கூப்பிட்டாளா, கூப்பிடவில்லையா? அதை மட்டும் போனில் சொல், மாசக் கடைசிக்கு முன்னால் சொல்.

துஆவுடன்,
உன் உம்மா
ஷம்சியா