போய்ச் சேராத நான்கு மெயில்கள்

ஒரகடம்
10.11.2024

பாசத்துக்குரிய லீலா அக்காவுக்கு,

தங்கமாரி எழுதுவது. இங்கே நானும் ரூமில் கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் நலம். நாசரேத்தில் நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். எழுதக் கை வரவில்லை அக்கா, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நம் பழைய கம்பெனியில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் லைன் புகையில் மூன்று வருஷத்துக்கு மேல் நின்றவர்கள் எல்லாரும் நுரையீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று படப்பை டாக்டரம்மா மார்ச்சிலேயே சொன்னார். ஊர் போனவர்களுக்குப் போன் நம்பர் மாறிவிடுகிறது, இமெயில் மாறாது என்று நம் இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கும் மெயிலிங் லிஸ்டில் ஆகஸ்டுக்குள் நான்கு முறை எழுதினேன். டாக்டரம்மா நடத்திய இலவச முகாமுக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். கம்பெனி மாறினதும் எல்லாருக்கும் மறந்துபோச்சு என்று ஏசினேன். உங்களையும் சேர்த்துத்தான்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் அருள்பாண்டியைப் பார்த்தேன். நம்ம முப்பிடாதியின் தம்பி, இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அக்கா எப்படி இருக்கா என்று கேட்டேன். அக்கா செப்டம்பர்லயே தவறிட்டா, உங்களுக்குத் தெரியாதா என்றான். ஆறு மாசம் இருமியிருக்கிறாள். மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்திருக்கிறாள். நாலு மெயில் போட்டேனே, அவ பார்க்கலையா என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். அவன் பையிலிருந்து ஒரு போனை எடுத்து என் கையில் கொடுத்தான். அவளுடைய போன். அதில் மெயிலைத் திறந்து, ஸ்பாம் உட்பட எல்லாப் பெட்டியிலும் தேடினேன். என் மெயில் ஒன்றுகூட இல்லை.

மணிமங்கலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அந்தோணிராஜ் அண்ணனிடம் ஓடினேன். லிஸ்டை முதலில் ஆரம்பித்தவர் விட்டுப்போன பழைய மெயில் பெட்டியைத் திறந்து காட்டினார்; லிஸ்டில் போகாமல் திரும்புவதெல்லாம் எனக்கு வராமல் அதற்குத்தான் போகுமாம். எழுநூற்றுச் சொச்சம் மெயில் திரும்பி வந்து கிடந்தது. அனுப்பியது யாரென்று உறுதியாகவில்லை, ஏற்க முடியாது என்று எல்லாவற்றிலும் ஒரே வரி. இந்த வருஷம் பெரிய மெயில் கம்பெனிக்காரர்கள் விதியை இறுக்கிவிட்டார்களாம். நம் பெயரில் வருவது நாம் அனுப்பியதுதான் என்று ஒரு பதிவும், ஒவ்வொரு மெயிலிலும் ஒரு கையொப்பமும் வேண்டுமாம். ஐடி கார்டு இல்லாட்டி கேட்ல செக்யூரிட்டி திருப்பி அனுப்புறான்ல, அது மாதிரிதாம்மா என்றார். அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை அக்கா.

இப்போது போகிறது. மொத்தமாக அனுப்பினால் மறுபடி சந்தேகப்படுவார்கள் என்று நாளுக்கு முப்பது பேருக்கு அனுப்புகிறோம். நீதான் எங்களை மறந்துட்டேன்னு நினைச்சோம் என்று நாலைந்து பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குப் போனது மட்டும், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பிவிட்டது. அதனால்தான் உங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை படப்பையில் மறுபடி முகாம். வர முடியாவிட்டால் அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சால்டரிங் புகையில் நாலு வருஷம் நின்றதை மறக்காமல் சொல்லுங்கள். இருமல் இல்லாவிட்டாலும் போங்கள். லைனில் முப்பிடாதிக்குப் பக்கத்தில் நின்றது நீங்கள்தான்.

உங்கள் கர்த்தரும் எங்கள் அம்மனும் உங்களைக் காக்கட்டும். கவரின் பின்னால் என் நம்பர் எழுதியிருக்கிறேன். இது கைக்குக் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் அக்கா. பேசக்கூட வேண்டாம்.

காத்திருக்கும் தங்கச்சி,
தங்கமாரி