செல்லம்மாவின் சோடியம்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். வெள்ளைக் கோட் காயவில்லை, ஈரத்தோடே லேபுக்கு. சீப்பு வாங்க மறந்தாச்சு.

பெண்கள் வார்டில் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துச் செல்லம்மா, அறுபது வயது. முதுகுவலி என்று வந்தவர். இரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கு மேல். திரும்பச் செய்தேன், அதேதான். மாரியம்மனுக்கு ஒரு மாதமாக உப்பில்லா விரதமாம். வார்ட் முழுக்க அதே பேச்சு. நானும் தலையாட்டினேன்.

மார்ச் 5, புதன்
இன்று 117. டொக்டர் (யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்லவர், அவசரக்காரர்) கடும் உப்பு சேலைன் ஏற்றப் போகிறார். எங்கள் எண் தப்பாக இருந்து அது ஏறினால் மூளைக்கே ஆபத்து.

செல்லம்மாவின் மகள் யோகா லேப் வாசலில் அழுகை. “எனக்குப் புள்ள தங்கணும்னுதான் அம்மா விரதம் புடிச்சிச்சு, மிஸ்.”

வார்டுக்குப் போனேன். 117 என்றால் ஆள் பிதற்ற வேண்டும். செல்லம்மாவோ பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை பின்னுகிறார்! லேபுக்கு ஓடி வந்து, இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் குழாயில் உறிஞ்சினால் ஏற மாட்டேன் என்கிறது. கஞ்சி மாதிரி. அட மடச்சி, நேற்றே பார்த்திருக்க வேண்டாமா. புரதம் பார்த்தேன், இரு மடங்குக்கும் மேலே. எங்கள் மெஷின் சீரத்தைத் தண்ணீர் விட்டுக் கலக்கி அளக்கும். அளந்து எடுத்ததில் தண்ணீரின் இடத்தைப் புரதம் பிடித்தால், தண்ணீரில் இருக்கும் உப்பு குறைந்ததாகத்தானே காட்டும்.

புது இரத்தம் எடுத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டம். அங்கே சின்ன மெஷின், கலக்காமல் அப்படியே அளக்கும். 137. நூற்று முப்பத்தேழு!

வார்டில் போத்தல் தொங்கியாச்சு, ஊசி குத்தவில்லை. டொக்டரிடம் 137 சீட்டை நீட்டினேன்.
“அப்ப விரதத்தால இல்லையோ?”
“விரதத்துல ஒண்ணுமில்ல, டொக்டர். புரதம் ஏமாத்திருச்சு.”
சீட்டை இரண்டு தரம் வாசித்தார். போத்தலைத் தானே கழற்றினார்.

மார்ச் 6, வியாழன்
வெயில். அந்தப் புரதம் எலும்பு மஜ்ஜை நோயால் வந்ததாம். முதுகுவலிக்கும் அதுதான் காரணம். மருந்து இருக்கிறது, நல்ல நேரத்தில் பிடித்தீர்கள் என்று பெரிய டொக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு நாள் இல்லை.

யோகா மூன்று தரம் கேட்டாள். “அப்ப என்னால இல்லயா, மிஸ்?”
இல்லவே இல்லை என்றேன், மூன்று தரமும். தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். செவ்வாயிலிருந்து சாப்பிடவில்லையாம். கன்டீனுக்கு இழுத்துப் போனேன்.