காலியாக விட்ட பன்னிரண்டாம் கட்டம்

அன்பு மச்சான்,

பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நம் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் மறைந்தவர்களுக்குக் கடிதம் எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதில் நன்றி எழுதுகிறார்கள். என்னிடம் அது இல்லை, வேறொன்று இருக்கிறது.

உன் பெயரையும் நம் பள்ளியின் பெயரையும் எழுதப் போவதில்லை. நீ தொழுகைக்குப் போகிறவன், நான் விபூதி பூசுகிறவன். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அந்த அடையாளம் போதும்.

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். தக்காளிச் செடிகளைத் தாக்கும் நோயைப் பற்றி ஹங்கேரியில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பம் போடுகிறாளாம். தங்கும் செலவு அந்த நாட்டுடையது, பயணத்துக்கு நம் அரசாங்கம் மானியம் தருகிறது. கடைசித் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. நன்னடத்தைச் சான்றில் ஒரு கெசட்டட் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். நான் இப்போது தலைமை ஆசிரியன் அல்லவா? பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற தகுதி வந்துவிட்டது. அதற்காகத்தான் வந்தாள்.

படிவத்தை விரித்ததும் என் கண் தானாகப் பன்னிரண்டாம் கட்டத்துக்குப் போயிற்று. ‘வெளிநாட்டில் உறவினர் உண்டா? பெயர், முகவரி.’ உன் படிவத்திலும் அதே எண்தான், மச்சான். பத்து வருடமாக ஒரு கட்டத்தைக்கூட மாற்றவில்லை.

நம் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த புதிது. ஆசிரியர் பரிமாற்றத் திட்டம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இங்கிருந்து ஒருவர் இங்கிலாந்துப் பள்ளிக்கு, அங்கிருந்து ஒருவர் இங்கே, ஒரு வருடத்துக்கு. மாவட்டத்துக்கு ஓர் இடம். நாம் இருவருமே போட்டோம். என் விண்ணப்பத்தையும் நீதான் தட்டச்சு செய்தாய், கார்பன் வைத்து ஆறு பிரதி. ஆறாவது பிரதி மங்கலாக இருக்கிறது என்று நான் முகம் சுளித்ததற்காக மறுபடியும் அடித்துக் கொடுத்தாய்.

அப்போதுதான் பன்னிரண்டாம் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாய்.

“மச்சான், எங்க சித்தப்பா ஒருத்தர் தோல் யாவாரத்துக்குக் கராச்சி போனவரு அங்கயே தங்கிட்டாரு. இருவது வருசமாக் கடுதாசி கூட இல்ல. போடணுமா?”

“இருக்கறாரோ இல்லியோன்னே தெரியாத ஆள எதுக்குப் போடற? விடு.”

அவர் பெயரை என்னிடம் சொல்லிவிட்டு, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாய். அந்த நேரத்தில் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். இந்தக் கடிதத்தில் இதையாவது நம்பு.

நேர்காணலில், நம் ஊரைப் பற்றி அங்குள்ள பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். நான் எம்.ஏ. படித்தவன். அவர்களுடைய கவிஞர்களைப் பற்றி அவர்களுக்கே கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். நீ ஏரியூர்ப் பக்கம் ஒரு பெண் ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதை வரைபடம் போட்டுக் காட்டினாயாம். மண் ஒட்டிய உன் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு. உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வுக் குழுவை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அவர்கள் செய்தது சரி என்று தெரிந்த பிறகும் மன்னிக்கவில்லை.

நீ தர்மபுரியில் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? டிரில் மாஸ்டர் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்ன பாய், லண்டன் போயி எங்களையெல்லாம் மறந்துருவீங்களா?”

“எப்படி சார் மறப்பேன்? அங்க வருசம் பூரா மழையாம். டிரில் பீரியடே நடக்காதாம். தினமும் உங்க நெனப்புதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை சேலத்துக்குப் போய், அங்குள்ள பெரிய தபால் நிலையத்தில் உட்கார்ந்து, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மூன்று வரி எழுதினேன். சித்தப்பாவின் பெயர், கராச்சி, மறைத்துவிட்டார். பாகிஸ்தானோடு நடந்த போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஊர்ப் பெயர் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர் அரூரின் தபால் முத்திரை விழக் கூடாது என்பதற்காக அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். உன் நெருங்கிய நண்பன் யார் என்று கேட்டிருக்கிறார். நீ என்னைக் காட்டியிருக்கிறாய்.

“மொட்டைக் கடுதாசிங்க. இதையெல்லாம் நாங்க பெருசா எடுத்துக்கறதில்ல. வேணும்னு மறைக்கல, தெரியாம விட்டுட்டாருன்னு பொறுப்பான ஒருத்தர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், முடிச்சிருவேன். நீங்க போடறீங்களா?”

“எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆண்டு நம் மாவட்டத்திலிருந்து யாருமே போகவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை.

கோட்டு வீணாகிவிட்டதே என்று தலைமை ஆசிரியர் வருத்தப்பட்டார். “எதுக்குங்க வீணு? மார்கழியில அரூர் லண்டன விடக் குளுரும்” என்றாய். அப்புறம் எத்தனை மார்கழி அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தாய்! ஒவ்வொரு முறையும் நான் மணி பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரே ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில் சொன்னாய்.

“அந்தக் கடுதாசியில சித்தப்பா பேரு சரியா இருந்துச்சாம் மச்சான். எங்க வூட்டுலயே பாதிப் பேருக்கு அந்தப் பேரு தெரியாது.”

நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “சரி, பஸ்சு வந்துருச்சு. நீ ஏறு” என்றாய்.

ஏன் கேட்கவில்லை? ‘நீயா?’ என்ற ஒரு சொல் போதுமே. திட்டியிருந்தால், ஓர் அறை விட்டிருந்தால், நானும் உன்மேல் ஏதாவது குறை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லோர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. உன்மேல் உள்ள கோபம் இதுதான். கேட்காமலே போய்விட்டாய்.

உன் மகள் அதே கட்டத்தில் விரலை வைத்தாள்.

“மாமா, அத்தாவுக்கு இதுலதான் ஏதோ பிரச்சினைன்னு அம்மா சொன்னாங்க. காலியா விட்டுரட்டுமா?”

“விடாதம்மா. எழுது.”

“யாருன்னே தெரியாதே. பேரு கூட அம்மாவுக்கு ஞாபகம் இல்லியாம்.”

நான் சொன்னேன். முழுப் பெயர், ஊர், தோல் வியாபாரம். இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?”

“உங்க அத்தா எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு.”

அவள் சிரித்தாள். அத்தாவுக்கு உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை என்றாள். சான்றில் பச்சை மையில் என் முழுப் பெயரையும் எழுதினேன். இவளுடைய தந்தையைப் பல வருடம் அறிந்தவன் நான், அவர் எதையும் மறைத்தவர் அல்ல என்று, யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தேன். பத்து வருடம் பிந்திய வரி.

இனி அவளுக்கும் விசாரணை வரும். அவளுக்குச் சான்று கொடுத்தவன்தான் அவள் தந்தையைப் பற்றி மொட்டைக் கடுதாசி போட்டவன் என்று தெரிந்தால், அந்தச் சான்றை யார் மதிப்பார்கள்? அதனால் இதன் கீழே என் பெயர் இருக்கக் கூடாது. இது காரணமா, சாக்கா? எனக்கே தெரியவில்லை, மச்சான். உனக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் சொல்லமாட்டாய்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவள் விமானம் ஏறிய மறுநாள் உன் வீட்டுக்குப் போவேன். உன் மனைவியின் முன்னால் நின்று, இதையெல்லாம் என் வாயாலேயே சொல்வேன்.

இந்த முறை எழுத்தை மாற்றவில்லை. என் சொந்தக் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். சேலத்துக்கும் போகவில்லை. அரூர் பஸ் நிலையத்துப் பெட்டியில், பகல் வெளிச்சத்தில், கையெழுத்து இல்லாமல் போடப் போகிறேன்.

இப்படிக்கு,
நீ மச்சான் என்று கூப்பிட்டவன்