ஜீப் நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன்

அன்புள்ள குட்டிக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் ஒரு நாள் சமர்த்தாகவும் மறுநாள் வீம்பாகவும் நடந்துகொள்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்து தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லப்போனால் உன் குரல் மாறுவது காதில் விழுந்ததும் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப் எப்படி இருக்கு சித்தி என்று நீ கேட்டபோது நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். ஜீப் மெக்கானிக் ஷெட்டில் நான்கு கல்லின் மேல் நிற்கிறது. கெடுத்தது நான்தான்.

மழை ஆரம்பித்த வாரம் அப்பாவுக்கு முழங்கால் வீங்கி கிளட்சை மிதிக்க முடியாமல் போய்விட்டது. லீவு போடுங்கள் என்றால், நான் லீவு போட்டா ஊருக்குத் தண்ணியை யாரு ஏத்துவா, உன் லைப்ரரிப் புத்தகமா வந்து ஏத்தும் என்று ஒரே நக்கல். பம்ப் ஹவுஸ் மேட்டுப் பாதை உனக்குத் தெரியாததில்லை, மழை விழுந்தால் வேறு எந்த வண்டியும் பாதிக்கு மேல் ஏறாது. லைசென்ஸ் எடுத்து எத்தனையோ வருஷமாகியும் அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் நான் கை வைத்ததில்லை, அன்றைக்குத்தான் வைத்தேன். அப்பா மேட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்லி, இறங்கி முன் சக்கரம் இரண்டிலும் நடுவில் இருக்கும் திருகைத் திருப்பு, உள்ளே வந்து அந்தச் சின்ன லிவரைத் தள்ளு, இப்ப நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பார் என்றார். செய்தேன். சேற்றில் வண்டி ஒரு பக்கம் சரிந்து, உறுமி, பிறகு ஏதோ பிடிமானம் கிடைத்த மாதிரி ஏறியது பார், நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். அப்பா சிரித்தார். அவரை மேலே இறக்கிவிட்டு நான் தனியாக வண்டியை இறக்கி லைப்ரரிக்கு வேலைக்குப் போனேன். சாயங்காலம் அவரை அழைத்துக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்ததும், காலையில எடுத்துட்டுதானே போன என்று கேட்டார். எதை எடுப்பது என்று எனக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டிருக்கலாம். ம் என்று சொன்னேன்.

அந்தச் சின்ன லிவரைச் சேற்றிலிருந்து வெளியே வந்ததும் பின்னுக்கு இழுத்துவிட வேண்டுமாம், எடுத்தாயா என்று அப்பா கேட்டது அதைத்தான். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்குவதால் முன்னும் பின்னும் ஒத்துப்போகும். தார் ரோட்டில் வழுக்காது, திரும்பும்போதெல்லாம் முன் சக்கரம் ஒரு கணக்கும் பின் சக்கரம் ஒரு கணக்குமாக இழுத்து, அந்த முறுக்கெல்லாம் நடுவில் இருக்கும் கியர் பெட்டியின் தலையில் விழும். உனக்கு இதெல்லாம் பத்து வயதிலேயே தெரியும், உன் அம்மா மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்திருப்பார். எனக்கு இப்போதுதான் தெரியும். ஏறக்குறைய மாதம் முழுக்க அப்படியே ஓட்டினேன். லைப்ரரி வாசலில் திருப்பும்போது டயர் கீச்சென்று கத்தும், ஸ்டியரிங் பிடிவாதம் பிடிக்கும், இறங்கினால் காய்ந்த எண்ணெய் வாசனை வரும். பழைய வண்டி, முனகத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஒரு நாள் ஸ்டியரிங் இறுக்கமா இருக்கா என்றுகூடக் கேட்டார், இல்லையே என்றேன். கடைசியில் பாங்க் திருப்பத்தில் அடியில் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், வண்டி நகரவில்லை. பின்னால் பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, ஏம்மா, மியூசியத்துல இருந்து ஓட்டிட்டு வந்தியா, திருப்பி அங்கேயே விட்டுட வேண்டியதுதானே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நம் மெக்கானிக் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், அக்கா, லிவர் முன்னாடி தள்ளுனபடியே கிடக்குதே, ரோட்டுலயும் இப்படியேதான் ஓட்டுனீங்களா என்று மெதுவாகக் கேட்டார். அப்பா ஆட்டோவில் வந்து இறங்கி என்னய்யா ஆச்சு என்றதும், கியர்ல பல்லு போயிருச்சு சார், வயசாகுதுல்ல என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் அவரிடம் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. அப்பா ஷெட்டில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்து வெகு நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்ப வித்துடலாம், போதும் என்றார்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஒரு நாள் ஜீப்பை விக்கிறேன்னு நிப்பாரு சித்தி, நீங்கதான் விடாம பாத்துக்கணும் என்று சொன்னாய். நான் இந்த வீட்டுக்கு வந்து நீ என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. சத்தியம் செய்கிற மாதிரி தலையாட்டினேன். அந்த இடத்தில், அப்பா விற்றுவிடலாம் என்று சொன்னபோது, அது பழசாகிச் சாகவில்லை, நான் சாகடித்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் விற்கும் பேச்சை அங்கேயே விட்டிருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதைச் சொல்வதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது குட்டி.

உனக்கும் எனக்கும் பதிமூன்று வயதுதான் வித்தியாசம். கடைக்குப் போனால் உங்க அக்காவா என்று கேட்பார்கள், சித்தி என்று நீ பளிச்சென்று சொல்வாய். அதில் கோபம் இருக்கிறதா மரியாதை இருக்கிறதா என்று அப்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். இந்த வீட்டில் பாத்திரம், மெத்தை, திரைச்சீலை எல்லாம் மெல்ல மெல்ல எனக்கும் ஆயிற்று, ஜீப் மட்டும் ஆகவில்லை. உன் அம்மா இருந்தபோது நிலம் அளக்கப் போவதற்காகத் தன் சம்பளத்தில் வாங்கியது, முன் கண்ணாடி ஓரத்தில் அவர் ஒட்டிய அளவுகோல் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்தது நாலு டயராக மாறியது. பின்சுவர் ஒழுகலைச் சரிசெய்ய எடுத்துவைத்தது பிரேக்குக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் போயிற்று. இன்சூரன்ஸ், பாட்டரி, ரேடியேட்டர், பிறகு அந்த எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத எண்ணெய்க் கசிவு. ஓடுகிற மாதத்தில் டீசல் குடிக்கும், ஓடாத மாதத்தில் துருப்பிடித்துக் கேட்கும். பக்கத்து வீட்டு டெய்லர் ஒரு தடவை, ஜீப்பை நீங்க வச்சிருக்கீங்களா, ஜீப் உங்களை வச்சிருக்கா என்று கேட்டார். அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்த மாதப் பில்லை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன், இப்போது யோசித்தால் அது பயம். ஜீப்பை வேண்டாம் என்றால் உன் அம்மாவையே வேண்டாம் என்று சொல்வதாக நீ எடுத்துக்கொள்வாய் என்ற பயம்.

அதனால் அது உடைந்ததும் மனசு ஒரு கணம் லேசானது. அப்பாவுக்கும் அடுத்த மாதத்திலிருந்து கீழே அலுவலகத்துக்கே வேலையை மாற்றிவிட்டார்கள், மேட்டுக்கு ஏற வேண்டியதில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எடைக்குப் போட்டுத்தான் எடுப்பேன், சனிக்கிழமை லாரி கொண்டுவரேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்து, ஜீப் இல்லாமல் காலியாகக் கிடந்த நம் ஷெட்டின் நடுவில் நின்றேன். என் கண் தானாகவே அளந்தது. இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கலாம், அங்கே ஒரு மேஜை, சுவர் முழுக்க அலமாரி. கட்டில் அடியிலும் பீரோ மேலும் கிடக்கும் என் புத்தகங்களுக்கெல்லாம் ஒரு அறை. எண்ணெய்க் கறை படிந்த தரையில் நின்றுகொண்டு திரைச்சீலை என்ன நிறம் என்பது வரைக்கும் போய்விட்டேன். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. நீ சாப்பிட்டதைச் சொன்னாய், உன் மேலதிகாரி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திட்டியதைச் சொன்னாய், பிறகு ஜீப்பைக் கேட்டாய். ஒரு விநாடிகூடத் தயங்காமல் நன்றாக ஓடுகிறது என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை அப்பா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், லிவர், ம் என்று சொன்னது, மெக்கானிக் மறைத்தது, அந்த அறை, உன்னிடம் சொன்ன பொய் எல்லாம். கியர் பெட்டி வரைக்கும் அவர் முகம் மாறவில்லை, உடைஞ்சா இரும்புதானே என்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். உன் போன் விஷயம் வந்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டார். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, எங்கிட்ட என்ன உனக்கு வீம்பு, ஆனா குட்டிகிட்ட போய் ஏன் பொய் சொன்ன, அவ நம்ம ரெண்டு பேர் வாயைத்தானே நம்பிட்டு அங்க இருக்கா என்றார். அதற்குப் பிறகு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. டீ கொடுத்தேன், வாங்கிக் குடித்தார், டம்ளரைக் கையில் தராமல் மேஜையில் வைத்தார். மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு, வா, மெக்கானிக் ஷெட்டுக்குப் போகலாம் என்றார்.

மெக்கானிக் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். நான் சொல்லிவிட்டேன் என்றேன். அப்பாடா, சார் முகத்தைப் பாக்கவே முடியலக்கா என்றார். இந்த மாடலுக்குப் புதுக் கியர் பெட்டி எங்கேயும் கிடைக்காதாம், எங்காவது உடைத்துப்போட்ட வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டுமாம், தேடுவதற்கே நாளாகும். அதோடு தேய்ந்துபோன டயர்கள். தொகையைச் சொல்லிவிட்டு, கோவிச்சுக்காதீங்க சார், இதுக்கு ஒரு சின்ன காரையே பாத்துடலாம் என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு என் பக்கம் திரும்பி, நீ சொல்லு, என்ன பண்ணலாம் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை, கேட்கும்படி நானும் நடந்துகொண்டதில்லை. சரிசெய்யுங்கள், செலவு என்னுடையது என்றேன். இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். வாடகை லாரி பேசிட்டேனே, இதென்ன விளையாட்டா என்று நன்றாகத் திட்டினார், கேட்டுக்கொண்டேன்.

நீ உடனே பணம் அனுப்பக் கிளம்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், இது நான் கெடுத்தது, நானே கட்டுவேன். நிறைய மாதங்கள் ஆகும், ஆகட்டும். ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னமும் அந்த அறை வேண்டும். ஜீப்பை வைத்துக் காப்பாற்றுவது நமக்குத் தாங்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இதை நான் எப்போதோ உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், நீ கோபித்துக்கொண்டிருப்பாய், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதானே. உடைந்த வண்டியைக் காட்டி உன்னைச் சரி என்று சொல்லவைக்க மாட்டேன். அது ஒழுங்காக ஓடட்டும், நீ லீவில் வா, ஓட்டிப் பார், மேட்டுக்கு ஏற்று. அதற்கப்புறம் எதிரெதிரே உட்கார்ந்து விற்பதா வைத்துக்கொள்வதா என்று உன்னோடு சண்டை போடப்போகிறேன். நீயும் விட்டுக்கொடுக்காமல் போடு. நான் தோற்றால் மாதாமாதம் பில்லைக் கட்டுவேன், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே, உன் காதில் விழும்படி.

கோபம் இருந்தால் அப்பாவிடம் காட்டாதே, எனக்கே போன் செய்து திட்டு, பேச்சை மாற்றாமல் கேட்பேன். அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு, வலி இல்லை என்று நீ சொல்லும் தொனி எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தரவில்லை. எந்தக் குறையும் அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னிடம் பொய் சொன்னதற்காகத் தலைகுனிந்து,
உன் சித்தி