சரவணன் தட்டிவிட்ட டம்ளர்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

உனக்கு இருந்தது வெறும் மாலைக்கண் இல்லையாம். அம்மா வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் வாட்டிக் கொடுத்ததெல்லாம் வீண். என் கண்ணும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. பரம்பரைக் கோளாறு என்று போன மாதம் டாக்டர் சொன்னார். அம்மாவும் அப்பாவும் சொந்தம். நீ கட்டியதும் அத்தை மகனைத்தானே?

"உங்க பொண்ணு கண்ணு நல்லாயிருந்தாலும் கோளாறு அவ ரத்தத்துல இருக்கும். சொந்தத்துல மட்டும் குடுத்துராதீங்க, பேரப்பிள்ளைகளுக்கு வந்துரும்" என்றார்.

நேற்றுக் காலை மச்சான் திருமங்கலத்திலிருந்து உன் மகன் சரவணனோடு விளாங்குடிக்கு வந்திருந்தார். "மாப்ள, வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரோம். இம்புட்டு நாள் இழுத்தது போதும். அவளுக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் இருக்குல்ல?"

மறப்பேனா? பக்கவாட்டில் வந்த வேனை நீ பார்க்கவில்லை. "கவனமில்லாமப் போயிட்டா" என்று ஊரே உன்னைத்தான் குறை சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "உன் மக கவிதாவ என் மகனுக்குக் குடுத்துருடா தம்பி" என்றாய். சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

கவிதா காபி வைத்தாள். பேசிக்கொண்டே கையை நீட்டிய சரவணன் டம்ளரைத் தட்டிவிட்டான். "பொண்ணப் பாத்ததுல டம்ளர் தெரியல பயலுக்கு" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். கவிதாவுக்கு வெட்கம், அவளுக்கும் அவன்மேல் ஆசைதான்.

இரண்டாவது டம்ளரை அவன் தரையை உள்ளங்கையால் தடவித் தடவித்தான் பிடித்தான். நானும் தினமும் அப்படித்தானே தேடுகிறேன்? இன்றைக்கும் அவன் பைக்கில்தான் கப்பலூர் கம்பெனிக்குப் போயிருப்பான், நீ விழுந்த அதே ரோட்டில்.

சொன்னால் கவிதாவையும் சேர்த்து, கண்ணு போற குடும்பம் என்பார்கள். மச்சான் என் வாசப்படி மிதிக்கமாட்டார். சொல்லாமல் இருந்தால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்துதான். உன்மேல்கூடக் கோபம் வருகிறது அக்கா. சாகக் கிடக்கிறவள் கேட்டால் எவன் மாட்டேன் என்பான்?

உனக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன். நாளைக்குத் திருமங்கலம் போய், முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு, சரவணனிடம் பைக் சாவியைக் கேட்பேன். அவனை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவேன். ரோட்டைக் கடக்கும்போது அவன் வலப்பக்கம் பார்க்கட்டும், நான் இடப்பக்கம் பார்க்கிறேன். அவன் கையை விடமாட்டேன். இது சத்தியம்.

உன் மகனுக்கு மாமனார் ஆகாமல், தாய்மாமனாக மட்டுமே இருக்கப்போகும்
உன் தம்பி