பறவை பார்க்கப் போன பவளத்துக்கு

என் ஆசை மச்சாள் பவளம்,

மழை விட்டுவிட்டது. வாவியில் கிளுவைத் தாராக்கள் வந்து இறங்கியிருக்கின்றன. போன மார்கழியில் உன்னைச் சுட்ட அதே கரையில், ஒன்றுமே நடவாததுபோல் நீந்துகின்றன. அவற்றின் மேலும் எனக்குக் கோபம். சிரிக்காதே.

நமக்குள் இரத்த உறவு எதுவும் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் நீ சீனி நிறுத்துக் கொடுத்தாய், நான் பக்கத்து மேசையில் பில் எழுதினேன். ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, நம் ஊர் தேற்றாத்தீவே நம்மைச் சொந்தம் என்று நம்பிவிட்டது. ஞாயிறுகளில் விடியவே வாவிக்கரைக்கு நடப்போம். மீன் வாங்க நிற்கும் பெண்கள் மறித்துக் கேட்பார்கள்.

"எங்க புள்ளயள், குருவி பிடிக்கவா?"

"இல்லகா, பாக்க."

"பாத்து என்ன செய்யிற?"

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாய். செத்தவீடும் ஷெல்லடியுமே பார்த்த கண்ணுக்கு வேறு எதையாவது காட்ட வேண்டாமா? இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

வாவிக்கு அக்கரை, படுவான்கரை, இயக்கத்தின் கையில் இருந்தது. இக்கரையில் ராணுவம். நடுவில் கிடந்த தண்ணீர் நமக்குப் பறவைகளின் இடம். காவலரணில் இருந்தவனுக்கு அது எதிரி கடந்துவரும் வழி.

அன்றைக்குப் பனி நல்ல மூட்டம். கண்டல் மரத்தடியில் குந்தியிருந்தோம். "அந்தா பாருகா, பூநாரை. தனிய நிக்குது" என்றாய். எனக்குத் தெரியவில்லை. என் நாடியைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாய். குளிரில் உன் விரல்கள் விறைத்திருந்தன. அந்த நேரம்தான் கடற்பருந்து ஒன்று தாழ இறங்கியது. கிளுவைக் கூட்டம் முழுக்கப் பெரும் இரைச்சலோடு எழும்பியது. நீயும் எழும்பினாய். "பருந்துகா, பருந்து!" என்று கத்தினாய், சந்தோஷத்தில். வெடிச் சத்தம் கேட்டது. நீ என் மடியில் சரிந்தாய். என்னிடம் ஏதாவது சொல்ல நினைத்தாயா? அதற்குக்கூட நேரம் தரவில்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில்தான் காரணம் தெரிந்தது. பறவை கலைந்தால் தண்ணீரில் ஆள் வருகிறது என்று காவலரணில் இருந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அவனும் பறவைதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், பவளம். ஒருதரம் அண்ணாந்து பார்த்திருந்தால் பருந்தைக் கண்டிருப்பான்.

மொழிபெயர்க்க நின்றவன் என்னிடம் கேட்டான். "விடியக்காலையில அங்க என்ன வேலை?"

"பறவை பாக்கப் போனம்."

"பிடிக்கவா?"

"இல்ல. பாக்க."

அவன் அதைச் சிங்களத்தில் சொன்னான். அங்கே நின்ற அதிகாரிகள் சிரித்தார்கள். நீ உள்ளே கிடந்தாய், அவர்கள் சிரித்தார்கள். பிறகு உன் அம்மாவின் பக்கம் திரும்பி, மகள் இயக்கத்தில் இருந்தவள் என்று ஒத்துக்கொண்டால் உடலைத் தருவோம் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சும்மா இரு மனே. புள்ளய வீட்ட கொண்டு போவம்."

பிறகு அவர்களைப் பார்த்து "ஓம்" என்றார்.

அன்று மாலை வானொலியில் நீ பயங்கரவாதி. எட்டாம் நாள் சடங்கு கழிவதற்குள் படுவான்கரையிலிருந்து இயக்கத்தார் ஆள் அனுப்பினார்கள். உன்னைத் தங்கள் ஆள் என்று அறிவித்து நினைவுக்கூட்டம் வைக்கப் போகிறார்களாம், படம் வேண்டுமாம். அம்மா படம் கொடுக்கவில்லை. சுட்டவர்களுக்கும் நீ வேண்டும், சுடாதவர்களுக்கும் நீ வேண்டும். பறவை பார்க்கப் போன ஒருத்தி மட்டும் யாருக்கும் வேண்டாம்.

அந்த "ஓம்" என்ற சொல்லுக்காக அம்மாவோடு இவ்வளவு காலமும் நான் பேசவில்லை. நேற்று அவரே சங்கக்கடைக்கு வந்தார். பில் எழுதும் மேசைக்கு முன்னால் சும்மா நின்றார்.

"அண்டைக்கு அவள் பாத்தது என்ன குருவி மனே?" என்று கேட்டார்.

"பூநாரை மாமி. பிறகு பருந்து."

"ரெண்டையும் எனக்குக் காட்டுவியா?"

பேனையை மூடி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்த கை. அது எனக்கு ஏன் இவ்வளவு பிந்தி விளங்கியது?

காவலரண் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என்றாலும் வாற ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன், ஒளிந்து அல்ல, நடுவெளியில். யார் மறித்துக் கேட்டாலும் பறவை பார்க்கப் போகிறோம் என்றே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. சிரித்தவர்களை மன்னிப்பேன் என்று மட்டும் வாக்குக் கேட்காதே. அதை நான் தரமாட்டேன்.

என்றும் உன் மச்சாள்,
தங்கேஸ்