பட்டாளத்துக்கு ஒரு பாலிசி

3-7-63, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. வாங்க வேண்டியவை: வெற்றிலை, ஊதுவத்தி, வீட்டுக்காரி கோமதிக்குக் கறுப்பு நூல்கண்டு. நூல்கண்டை மறந்துபோய் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மைதீன் பாய் ஜவுளிக்கடை. மூன்று வருஷமாக அதே பேச்சு. "நான் சாவலேன்னா கட்டின ரூவா என்னவே ஆவும்?"

"சாகாம இருக்கீங்கல்லா பாய், அது போதாதா?" இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. எனக்கு டீ, பட்டாளத்துக்கு ஒரு பன். பாலிசி இல்லை.

பட்டாளம் எங்கள் நாய். எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர் ஊரை விட்டுப் போகும்போது விட்டுச் சென்ற குட்டி. ஐந்து வருஷமாக என் சைக்கிளுக்கு முன்னால் ஓடுகிறது. மேலகரத்தில் அதைப் பார்த்ததுமே "இன்சூரன்சு வருது" என்று கதவைச் சாத்துகிறார்கள். இன்றைக்கு என்னமோ பின்னாலேயே வந்தது. மழைதான் காரணமாக இருக்கும்.

5-7, வெள்ளி

குற்றாலம். நல்ல கூட்டம், ஈரத்துண்டு, மங்குஸ்தான் தோல் வழியெல்லாம். வசூல் சுமார்.

வர்கீஸ் டாக்டரைப் பார்த்தேன். செங்கோட்டைக்காரர். மாட்டு டாக்டராக இருந்து ரிட்டயர் ஆகி இங்கே வீடு கட்டிக்கொண்டவர். புதிதாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை முன்பணம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பார். நடுவில் என்ன நோய் வந்தாலும் மருந்து, கத்தி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாட்டுக்கு இருபது ரூபாய், நாய்க்குப் பன்னிரண்டு. ஏற்கெனவே நோய் உள்ளதைச் சேர்க்க மாட்டாராம்.

"வருஷம் பூரா ஒண்ணும் வரலேன்னா ரூவா திரும்பிக் கெடைக்குமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரலேன்னா நாயி உயிரோட இருக்குமல்லோ. அது மதி, அது போதும்."

என் சரக்கை எனக்கே விற்கிறார் மனுஷன்!

6-7, சனி

கோமதியிடம் சொன்னேன். "உங்க நாய்க்குப் பன்னெண்டு ரூவாயா? எம் மூக்குத்திக்குக் கல்லு வைக்கணும்னா மட்டும் துட்டு இல்ல." நியாயம்தான்.

அவளுக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது. சோறு வைப்பதோடு சரி. "உங்க நாய்" என்பாள், கோபம் வந்தால் "அந்தச் சனியன்". பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

யோசித்தேன். நாய் நன்றாகத்தானே இருக்கிறது. இந்த வருஷம் கை கடிக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம். மலைக்கோயில் திருமலைக் குமாரசாமி இருக்கிறான், பார்த்துக்கொள்வான். இவ்வளவும் யோசித்த பிறகுதான் உறைத்தது. ஒன்றுவிடாமல் என்னிடம் பாலிசி வேண்டாம் என்றவர்கள் சொன்னது. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' மனசுக்குள் மைதீன் பாய் குரலிலேயே கேட்டது. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பட்டாளம் இல்லாமல் மேலகரம் ரோட்டில் தனியாகச் சைக்கிள் மிதிப்பதை நினைக்க முடியவில்லை. கட்டிவிடலாம்.

7-7, ஞாயிறு

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். சேர்க்கும் முன் சோதனை. ரூபாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்.

"இருமல்?" இல்லை. "தீனி கொறஞ்சிருக்கோ?" இல்லை. "கட்டி, வீக்கம்?" இல்லை.

தொழில் பழக்கம். இன்சூரன்சு விண்ணப்பப் பாரம் நிரப்பும்போது பாலிசி எடுப்பவர் வாயைத் திறப்பதற்குள் நானே இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டே போவேன். கை மட்டுமல்ல, வாயும் அப்படிப் பழகிவிட்டது.

கோமதி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "எதுக்கு எல்லாத்துக்கும் இல்ல இல்லங்கீய? நாலு நாளா சோத்த மோந்து பாத்துட்டுப் போகுது. வயித்துல எடது பக்கம் ஒரு கட்டி. போன மாசம் மொளகு அளவுக்கு இருந்துச்சு, இப்பம் எலந்தப்பழம் கணக்கா இருக்கு. தடவிப் பாருங்க, டாக்டரய்யா."

 நாயைத் தொடவே மாட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

டாக்டர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். பையிலிருந்து பன்னிரண்டு ரூபாயையும் எடுத்து என்னிடமே தந்துவிட்டார். "இப்பம் சேக்க முடியாது. கெட்ட கட்டியாவும் இருக்கலாம். வெச்சிருக்கப்படாது, வெட்டி எடுக்கணும்."

'உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.' இந்தச் செய்தியை எத்தனை வீட்டு வாசலுக்கு நான் கொண்டுபோயிருக்கிறேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கோமதியும் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லையாம்.

9-7, செவ்வாய்

கட்டியை எடுப்பது வியாழன் என்று முடிவு. கூலி வேண்டாம், மருந்துச் செலவு மட்டும் போதும் என்றார் டாக்டர். அதே பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய மனசு அவருக்கு.

பட்டாளம் இன்றைக்குக் கொஞ்சம் தயிர்ச்சோறு தின்றது.

11-7, வியாழன்

குதிரை வண்டி பேசி, பட்டாளத்தைச் சாக்கில் சுற்றிக் குற்றாலம். கோமதியும் புறப்பட்டாள். தலையில் எண்ணெய், கையில் மாற்றுச் சேலை, சீயக்காய்ப் பொட்டலம். "அருவியில குளிச்சு எத்தன நாளாச்சு. உங்க நாய்க்காக ஒண்ணும் வரல."

டாக்டர் வீட்டுப் பின்கட்டில் மேசை. மயக்க மருந்து வாடை. எங்களை முன்வாசலில் உட்காரச் சொல்லிவிட்டார். ஒரு குரங்கு வந்து சீயக்காயைப் பறித்து வாயில் போட்டு, முகத்தைக் கோணித் துப்பியது. வேறு நாளாக இருந்தால் கோமதி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பின்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருவி இரைச்சல் அங்கேயே கேட்கிறது. நீ போய்க் குளித்துவிட்டு வாயேன் என்றேன். "போவம் போவம்" என்றாள். நகரவில்லை.

கடைசியில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சாரமில்ல, பரவாயில்ல. முழுசா வந்துட்டுது. வேர் ஓடல. பயப்படவேண்டிய கட்டி மாதிரித் தெரியல."

உள்ளே போனோம். பட்டாளம் கண்ணைத் திறக்கவில்லை. வால் மட்டும் மேசையில் இரண்டு தரம் தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு திரும்பும்போதும் கோமதி தலையில் எண்ணெய் வைத்தது வைத்தபடி இருந்தது. 

14-7, ஞாயிறு

தையலை நக்கிவிடாமல் இருக்க என் பழைய பனியனை வெட்டி நாய்க்குச் சட்டை தைத்திருக்கிறாள். கறுப்பு நூல் (நேற்றுத்தான் வாங்கினேன்). தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

மைதீன் பாய் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன். "நாயிக்கே பாலிசி இல்லைன்னுட்டானாமே. நாளைக்கி எனக்கும் இல்லைன்னுட்டா? பாரத்த எடும்வே." மூன்று வருஷம் நான் தொண்டை கிழியப் பேசி நடக்காதது!

பாரத்தை எடுத்தேன். நெஞ்சுவலி உண்டா என்று கேட்டேன். "இல்ல" என்றார். எழுதவில்லை. "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க பாய்." திரைக்குப் பின்னாலிருந்து அவர் சம்சாரம்: "மாடி ஏறினா நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காருதாகளே!"  முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் பாரம் என்று மூடிவைத்துவிட்டு வந்தேன். கமிஷன் தள்ளிப்போகிறது. போகட்டும்.

21-7, ஞாயிறு

வெயிலும் சாரலும். டாக்டர் வந்து தையல் பிரித்தார். புண் நன்றாக ஆறியிருக்கிறது. "இனிச் சேக்கலாம். வேணுமா?"

வேண்டுமா? வருஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். ஒன்றும் வராமலே போகலாம். வராமலே போகட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து, தின்கிறதா, இருமுகிறதா என்று கேட்டு, தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அதற்கே கொடுக்கலாம். பதில் சொல்லத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே. ரூபாயை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் ரசீதுப் புத்தகத்தை விரித்தார். "நாயி பேரு பட்டாளம். ஒடமஸ்தர், அதான் சொந்தக்காரர் பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"கோமதின்னு எழுதுங்க."